மானம் யாருக்குப் போனது?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளைக்குள் கால் வைத்தால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் என்று நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கு ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. நிலத்தின் நடுவே கோடு விழுந்தது. நினைவுகள் இரு பக்கத்துக்கும் பொதுவாகவே இருந்தன.

அந்தப் பொது நினைவுகளில் ஒன்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தெற்கே அது தோள்சீலைப் போராட்டம். வடக்கே அது மாறுமறய்க்கல் சமரம். தமிழ்ப் பெயர் துணியைச் சொல்கிறது. மலையாளப் பெயர் மார்பைச் சொல்கிறது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்றிருந்த சாதிக் கட்டளையை அந்தப் பெண்கள் மீறியதும், மீறியவர்களின் ஆடை சந்தையிலும் தெருவிலும் பலர் பார்க்கக் கிழிக்கப்பட்டதும்தான் இரண்டு பெயர்களுக்கும் பின்னால் இருக்கும் ஒரே வரலாறு. கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று 1814இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ ஆணையிட்டார். 1829இல் வந்த அரசாணை அவர்களுக்குக் குப்பாயம் என்னும் சட்டையை அனுமதித்து, தோளில் போடும் தோள்சீலையைத் தடுத்தது. 1858 இறுதியில் தெற்குத் திருவிதாங்கூரின் பல ஊர்களில் கலவரம் மூண்டது. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளும் அதில் அகப்பட்டன. தேவாலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பின் 1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வெளியானது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்றது அது.

அந்தப் பிரகடனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களைப் பார்த்துப் பேசுகிறது. எதை உடுத்தலாம், எதை உடுத்தக்கூடாது என்று அவர்களுக்கே விதி சொல்கிறது. கிழித்த கைகளுக்கு என்ன விலை என்பது அதன் பொருளாகவே இல்லை. கொடுமையை நிறுத்த வந்த ஆணையும் கொடுமைக்கு ஆளானவளையே முன்னால் நிறுத்தியது.

இது போர் அல்ல. திருவிதாங்கூர்ச் சந்தைகளை யாரும் போர்க்களம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு சமூகத்தை அடக்குவதற்கு அதன் பெண்களின் உடல்மீது கை வைக்கும் முறை போர்க்களத்திலும் அதேதான். படை ஒன்று ஊருக்குள் நுழைந்து பெண்களை வன்கொடுமை செய்யும்போது அடி அந்தப் பெண்ணோடு நிற்பதில்லை. அவளுடைய தகப்பனுக்கும் கணவனுக்கும் ஊருக்கும் ‘உங்களால் எதையும் காக்க முடியாது’ என்று செய்தி போகிறது. ஆகவே போர்க்காலப் பாலியல் கொடுமையைச் சட்டத்தின் முன் நிறுத்துவது பற்றிப் பேசும்போது இந்த எல்லை ஊர்களின் பழைய நினைவு ஒரு கேள்வியை எழுப்புகிறது. சட்டம் யாரைப் பார்த்துப் பேச வேண்டும்? இழந்தவளைப் பார்த்தா, இழைத்தவனைப் பார்த்தா, அவனை இழைக்க விட்டவனைப் பார்த்தா?

கேள்வி தொலைதூரத்துக் கேள்வியும் அல்ல. நெய்யாற்றின்கரையிலிருந்து பார்த்தால் எல்லைக்கு அப்பால், களியக்காவிளைக்கு அருகில் கோழிவிளையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஞாறான்விளை, பழவிளை, பெருமாள்புரம் என்று குமரி மாவட்டத்தில் இன்னும் முகாம்கள் உள்ளன. போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் அங்கே தலைமுறைகளைக் கடந்து வாழ்கின்றன. இந்தப் பக்கத்திலோ ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் வாழும் வீடுகள் பல. போரின் இரண்டு முனைகளும் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கின்றன.

சொல்லிலேயே இருக்கும் தவறு

தமிழ்ச் செய்தித்தாள்கள் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்று எழுதின. மலையாளத்திலும் தமிழிலும் ‘மானபங்கம்’ என்ற சொல் இன்றும் உண்டு. இரண்டு சொற்களுமே நடந்ததைப் பெண்ணின் கணக்கில் எழுதுகின்றன. அழிந்தது அவள் கற்பு. பங்கப்பட்டது அவள் மானம். செய்தவன் சொல்லுக்குள்ளேயே இல்லை. ‘அவளுக்கு மானம் போயிற்று’ என்று ஊர் சொல்லிவிட்டால், அவள் நீதிமன்றத்தில் ஏறுவது போன மானத்தை இன்னொரு முறை பறைசாற்றுவதாக ஆகிவிடுகிறது. வாய் மூடியிருப்பதே மிச்சமுள்ள மானம் என்று வீடு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

இந்தத் தவறு நம் மொழிகளுக்கு மட்டும் உரியது அன்று. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் ‘குடும்ப கௌரவம்’ காக்கப்பட வேண்டும் என்றன. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை வல்லுறவைத் தெளிவாகவே தடுத்தது. ஆனால் அதன் 27ஆம் பிரிவு அதைப் பெண்களின் கௌரவத்தின் மீதான தாக்குதலாகச் சொன்னது. சட்டம் எழுதியவர்களும் ஊர்ப் பெரியவர்களைப் போலத்தான் யோசித்தார்கள். நியூரம்பெர்க் விசாரணையின் சாசனத்தில் வல்லுறவு ஒரு குற்றமாகப் பெயர் சொல்லப்படவில்லை. டோக்கியோ விசாரணையில் நான்கிங் நகரத்துக் கொடுமைகள் பேசப்பட்டன. ஜப்பானியப் படை கொரியா முதலிய நாடுகளின் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது தனிக் குற்றமாக விசாரிக்கப்படவே இல்லை. கொரியாவின் கிம் ஹாக்சுன் 1991 ஆகஸ்டில் தன் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் அதைச் சொன்னபோது போர் முடிந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வங்கத்தின் அனுபவம் தமிழுக்கு இன்னும் நெருக்கமானது. 1971 போருக்குப் பின் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அரசு ‘பீராங்கோனா’ என்று பட்டம் சூட்டியது. நம் ‘வீராங்கனை’தான் அது. நோக்கம் நல்லது. ஆனால் ஊர் மாறவில்லை. பட்டமே அடையாளமாகி, அடையாளமே வசையாகி, பல பெண்கள் அந்தச் சொல்லுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களை விடுதலைப் போராளிகளாக அரசு ஏற்கத் தொடங்கியது 2015இல். மானத்தின் கணக்கைத் திருத்தாமல் அவள் பக்கத்தில் எத்தனை உயர்ந்த சொல்லை எழுதினாலும் பாரம் அவள் தலையில்தான் ஏறும்.

ஒரு தாய் சொன்னது

கணக்கு திரும்பிய இடம் ருவாண்டா. 1994 இனப்படுகொலைக்காக ஐக்கிய நாடுகள் அவை தான்சானியாவின் அருஷா நகரில் ஒரு தீர்ப்பாயம் அமைத்தது. டாபா என்ற ஊராட்சியின் தலைவராக இருந்த ழான் போல் அகாயேசு மீது கொலைக் குற்றங்கள் சாட்டப்பட்டன. முதல் குற்றப்பத்திரிகையில் வல்லுறவு இல்லை. 1997இல் கொலைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் வன்கொடுமை செய்ததைச் சொன்னாள். யாரும் அவளிடம் அதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை. நீதிபதிகள் கேட்டார்கள். பின் வந்த சாட்சிகளும் பேசினார்கள். பெண்கள் அமைப்புகளும் வலியுறுத்தின. குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

அந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழ்க் குடும்பத்தில், ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாக 1941இல் பிறந்தவர். 1998 செப்டம்பர் 2ஆம் தேதி வந்த தீர்ப்பு, வல்லுறவும் ஓர் இனத்தை அழிக்கும் செயலாக இருக்க முடியும் என்று உலகில் முதல்முறையாகச் சொன்னது. அதே தீர்ப்பு வல்லுறவுக்கு ஒரு விளக்கமும் தந்தது: நிர்ப்பந்தமான சூழலில் ஒருவரின் உடல்மீது நிகழும் பாலியல் தன்மையுள்ள ஆக்கிரமிப்பு. கற்பும் கௌரவமும் அந்த விளக்கத்தில் இல்லை. துப்பாக்கி ஏந்தியவர்கள் சூழ்ந்திருக்கும்போது ‘அவள் ஏன் மறுக்கவில்லை’ என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லாமல் போயிற்று. பேச்சு ஆக்கிரமித்தவனைப் பற்றியதாக மாறியது.

அதன்பின் பாதை விரிந்தது. 2001இல் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் போஸ்னியாவின் ஃபோச்சா நகரப் பெண்களை அடைத்துவைத்துக் கொடுமை செய்தவர்களுக்குப் பாலியல் அடிமைத்தனம் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று தண்டனை வழங்கியது. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவி 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனம் வல்லுறவு, பாலியல் அடிமைத்தனம், கட்டாயக் கருத்தரிப்பு, கட்டாயக் கருத்தடை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குற்றங்களாக்கியது. அந்தச் சாசனம் 1998இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. இன்றுவரை அதில் சேரவில்லை. இலங்கையும் சேரவில்லை.

செம்மணியும் அதற்குப் பிறகும்

இலங்கையில் இந்தச் சட்டம் எப்படிப் பொருந்துகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை யாழ்ப்பாணத்துச் செம்மணி சொல்லும். 1996 செப்டம்பர் 7ஆம் தேதி, உயர்தரத் தேர்வு எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய 18 வயது மாணவி ஒருத்தி செம்மணிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டாள். அவள் பெயரைத் தமிழுலகம் அறியும். இங்கே அது தேவையில்லை. வன்கொடுமைக்குப் பின் கொல்லப்பட்டாள். தேடிப் போன தாயும் தம்பியும் அயல்வீட்டுக்காரரும் கொல்லப்பட்டார்கள். கொழும்பு மேல் நீதிமன்றம் 1998 ஜூலையில் ராணுவத்தினர் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைந்திருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் செம்மணியில் மீண்டும் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

உள்நாட்டு நீதிமன்றத்தாலும் முடியும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு சான்று. அதோடு நின்றுவிட்டது என்பதும் உண்மை. சாவடியில் நின்ற சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டார்கள். சாவடிகளை நடத்தியவர்களை நோக்கிக் கேள்வி ஏறவில்லை. போர் முடிந்த மறு ஆண்டில், 2010 ஜூனில், விசுவமடுவில் மீள்குடியேறிய பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்காக நான்கு ராணுவத்தினரை யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015இல் தண்டித்தது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2015 செப்டம்பரில் வெளியான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் படைகளின் காவலில் இருந்தவர்கள் மீதான பாலியல் கொடுமைகள் தனித்தனிச் சம்பவங்கள் அல்ல, சித்திரவதைக்கென்றே திட்டமிட்டுக் கையாளப்பட்டவை என்று கண்டது. அதற்கு ஆளானவர்களில் ஆண்களும் இருந்தனர். ‘கற்பழிப்பு’ என்ற சொல்லின் வறுமை இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. காவலில் வதைக்கப்பட்ட ஓர் இளைஞனுக்கு நேர்ந்ததைச் சொல்ல அந்தச் சொல்லில் இடமே இல்லை. அவன் வாழ்நாளெல்லாம் பேசாமல் இருப்பான்.

அதே ஆண்டு அக்டோபரில் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைப் பொறிமுறைக்கு இலங்கையும் சேர்ந்து ஒப்புக்கொண்ட தீர்மானம் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நிறைவேறியது. அந்த நீதிமன்றம் அமையவில்லை. 2020இல் இலங்கை தன் ஒப்புதலையே விலக்கிக்கொண்டது.

எதிர்வாதங்களை எடைபோடுதல்

விசாரணையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகளின் நண்பர்கள் அல்லர். அவர்களின் வாதங்களில் கனமானவை உண்டு. அவற்றைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது அறமாகாது.

முதல் வாதம் அமைதி. தண்டனை காத்திருக்கிறது என்று தெரிந்தால் எந்தத் தளபதி ஆயுதத்தைக் கீழே வைப்பான்? 1971 போருக்குப் பின் 195 பாகிஸ்தானியப் படையினர் மீது வழக்கு நடத்த வங்கதேசம் விரும்பியது. 1973இல் அதற்கென்றே சட்டமும் இயற்றியது. 1974 ஏப்ரலில் டெல்லியில் இந்தியாவும் சேர்ந்து மூன்று நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் அவர்கள் விசாரணையின்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போர்க் கைதிகள் வீடு திரும்பினார்கள். பாகிஸ்தானில் சிக்கிய வங்காளிகள் நாடு திரும்பினார்கள். அந்தப் பேச்சுகளினூடே வங்கதேசத்துக்குப் பாகிஸ்தானின் அங்கீகாரமும் கிடைத்தது. இவை பொய்யான நன்மைகள் அல்ல. லட்சக்கணக்கானோர் தம் குடும்பங்களோடு சேர்ந்தார்கள். ஆனால் விலையைக் கொடுத்தது யார்? பேச்சுவார்த்தை மேசையில் இடமே இல்லாத பெண்கள். ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. இன்னொருவர் உரிமையை அவரைக் கேளாமல் விட்டுக்கொடுத்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. தண்டனையின் அளவைக் குறைக்கலாம், காலத்தைத் தள்ளலாம், சாதாரணச் சிப்பாய்க்குச் சலுகை தரலாம். நடந்ததை நடக்கவில்லை என்று எழுத மட்டும் எந்த உடன்பாட்டுக்கும் அதிகாரம் இல்லை.

இரண்டாவது வாதம் பாரபட்சம். அனைத்துலக நீதி தோற்றவனையும் ஏழை நாட்டானையும்தான் பிடிக்கிறது என்பார்கள். பெருமளவு உண்மைதான். வல்லரசுகளின் படையினர் அந்தக் கூண்டுகளில் ஏறுவதில்லை. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? பத்துத் திருடர்களில் ஒருவன் மட்டும் பிடிபட்டான் என்றால் மற்ற ஒன்பது பேரையும் தேட வேண்டும் என்பதே அதன் முடிவு. பிடிபட்டவனை விட்டுவிடுவது முடிவாகாது. பாரபட்சத்தைச் சுட்டிக்காட்டுபவர் தம் பக்கத்துப் படையை விசாரிக்கவும் கேட்டால்தான் அவர் வாதம் நேர்மையானது.

மூன்றாவது வாதம் குற்றம் சாட்டப்பட்டவனின் நியாயம். ஆண்டுகள் கடந்தால் நினைவு மங்கும், சாட்சி இறப்பார், ஆவணம் தொலையும். ஆத்திரத்தில் ஆளைப் பிடித்துத் தண்டிப்பது நீதியின் பெயரால் இன்னொரு கொடுமை. விசுவமடு வழக்கின் விடுதலையைக் கண்டு மனம் கசந்தவர்களும் ஒன்றை ஏற்க வேண்டும்: ஐயத்துக்கு இடமிருந்தால் விடுவிப்பதே சட்டம். அந்த உரிமை சிப்பாய்க்கும் உண்டு. அதனால்தான் கொடுமை நடந்த உடனே மருத்துவச் சான்றும் வாக்குமூலமும் ஒழுங்காகப் பதியப்பட வேண்டும். தாமதத்தை உண்டாக்கிய அரசே பிறகு தாமதத்தைக் காட்டி வழக்கைத் தள்ளச் சொல்வது மட்டும் ஏற்கத் தக்கதல்ல.

நான்காவது வாதமே மிகக் கனமானது. அது பாதிக்கப்பட்டவரிடமிருந்து வருகிறது. ‘எனக்கு வழக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். விட்டுவிடுங்கள்’ என்று ஒரு பெண் சொன்னால் என்ன செய்வது? உலகத்துக்கு முன்னுதாரணம் வேண்டும் என்பதற்காக அவளைக் கூண்டில் ஏற்ற எவருக்கும் உரிமை இல்லை. அவள் மௌனமும் அவளுடையது. ஆனால் அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடமை மற்றவர்களுக்கு உண்டு. பிள்ளைகளின் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயத்தை அவளுக்குத் தந்தது படை அல்ல, ஊர். ஊர் அந்தப் பயத்தை நீக்கிவிட்டால் அவளுடைய பதில் வேறாக இருக்கக்கூடும். முகத்தையும் பெயரையும் மறைத்துச் சாட்சி சொல்லவும், திரைக்குப் பின்னிருந்து பேசவும், பேசிய பின் பாதுகாப்பாக வாழவும் அனைத்துலக நீதிமன்றங்கள் வழி வகுத்துள்ளன. வழியை அமைப்பது சட்டத்தின் வேலை. அதில் நடப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

உத்தரவிட்டவர், கண்டும் காணாதவர்

குற்றம் சிப்பாயோடு முடிகிறதா? ரோம் சாசனத்தின் 28ஆம் பிரிவு இல்லை என்கிறது. தன் ஆட்கள் குற்றம் செய்வதை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலிருந்தும், தடுக்கவோ தண்டிக்கவோ செய்யாத தளபதி பொறுப்பேற்க வேண்டும். காங்கோவின் ழான் பியேர் பெம்பா, தன் படை மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் செய்த வல்லுறவுகளுக்காக 2016இல் ஹேக்கிலுள்ள அந்த அனைத்துலக நீதிமன்றத்தில் இப்படித் தண்டிக்கப்பட்டார். 2018இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். தொலைவிலிருந்த தளபதி எவ்வளவு செய்திருக்க முடியும் என்பதே அங்கே எழுந்த கேள்வி. கொள்கை நின்றது, அதை மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதும் தெரிந்தது.

இந்தக் கொள்கையைப் புரிந்துகொள்ள ஹேக் வரை போக வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசு மறுத்தது. ஊர் விடவில்லை. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க ஆணையிட்டது.

வாச்சாத்தியில் போர் இல்லை. ஆனால் சீருடை இருந்தது, கூட்டு நடவடிக்கை இருந்தது, மேலிருந்து மூடிமறைத்தல் இருந்தது. பழங்குடிப் பெண்கள் முப்பது ஆண்டுகள் ஒரே உண்மையைச் சொல்லி நின்றதால், கேள்வி சிப்பந்தியிலிருந்து ஆட்சியர் வரை ஏறியது. செம்மணியில் ஏறாத படியில் அது இங்கே ஏறியது. ‘இவ்வளவு காலம் கழித்து என்ன பயன்’ என்போருக்கு அந்த ஊர்ப் பெண்களே பதில்.

உனக்கென்ன அதிகாரம்?

2021 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம், யசீதி இனத்துச் சிறுமியை வெயிலில் கட்டிவைத்துத் தாகத்தால் சாகவிட்ட ஐ.எஸ். அமைப்பைச் சேர்ந்தவனை இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டித்தது. அந்தச் சிறுமியும் அவள் தாயும் அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள். குற்றம் நடந்தது ஈராக்கில், குற்றவாளி ஈராக்கியன், இறந்தவளும் ஜெர்மானியச் சிறுமி அல்ல. அப்படியிருந்தும் விசாரிக்க வழிசெய்தது அனைத்துலக அதிகார வரம்பு என்ற கொள்கை. சில குற்றங்கள் எங்கே நடந்தாலும் எந்த நாடும் விசாரிக்கலாம் என்பது அதன் சாரம்.

‘உனக்கென்ன அதிகாரம்’ என்ற கேள்வி உடனே எழும். நெய்யாற்றின்கரைக்கு அது புதிய கேள்வி அல்ல. 1888இல் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தபோது அதே கேள்விதான் அவரிடம் கேட்கப்பட்டது. அதிகாரம் உள்ளவர்கள் பல நூறு ஆண்டுகளாக ஒரு பகுதி மக்களுக்குக் கோயில் கதவைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியவர்கள் திறக்காதபோது அதிகாரம் கைமாறுகிறது. தன் குடிமக்களுக்கு நீதி தர வேண்டிய அரசு தரவில்லை என்றால், தூரத்து நீதிமன்றம் அந்தப் பணியை ஏற்பது அத்துமீறல் ஆகாது. உள்நாட்டிலேயே நேர்மையான விசாரணை நடந்தால் வெளியார் கையில் வழக்குப் போகத் தேவையே இராது.

நம் பக்கத்துக் கணக்கு

இலங்கை அரசைக் குற்றம் சொல்வது இந்த எல்லை ஊர்களில் எளிது. கடினமானது நம் பக்கத்துக் கணக்கு. 1987 முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. அதில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் பெண்களுக்கு நேர்ந்த வல்லுறவுகளை ‘முறிந்த பனை’ நூல் பதிவு செய்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவரும் யாழ் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் கற்பித்தவருமான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எல்லாத் தரப்பையும் ஒரே அளவுகோலால் அளந்தார். அமைதிப்படை, இலங்கை ராணுவம், ஆயுத இயக்கங்கள் என்று எவருக்கும் தனி விலக்குத் தரவில்லை. அந்த அளவுகோல்தான் இந்தக் கட்டுரையின் அறம்.

அமைதிப்படைக் காலத்துக் குற்றச்சாட்டுகளை ஆராய இந்தியா பொது விசாரணை எதையும் நடத்தவில்லை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, இந்தியாவுக்கு வெளியே படையினர் செய்யும் வல்லுறவை ராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம். படையே படையை விசாரிக்கிறது. ஆளானவளோ கடலுக்கு அப்பால் இருக்கிறாள். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் போர்க் குற்றங்களுக்குத் தண்டனை சொல்கிறது. ஆனால் அரசு புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும். கதவு இருக்கிறது, சாவி முழுவதும் அரசின் கையில். உள்நாட்டிலும், ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் படையினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பாலியல் குற்றங்களுக்கு அந்த அனுமதி தேவைப்படக்கூடாது என்று நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் பரிந்துரைத்தது. மற்ற அரசு ஊழியர்களுக்கு அதே ஆண்டில் அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. சிறப்பு அதிகாரச் சட்டத்தில் அது நீங்கவில்லை.

நாட்டுக்காகப் பணியாற்றியவர்களைச் சந்தேகிப்பதா என்று சீருடை அணிந்தவர்களின் குடும்பங்கள் வருந்தக்கூடும். அந்த வருத்தம் மதிக்கத் தக்கது. ஆனால் ஒழுங்கோடு பணியாற்றிய வீரனுக்குக் களங்கம் வருவது விசாரணையால் அல்ல, விசாரணை இல்லாததால்தான். குற்றம் செய்தவன் பெயர் வெளிவராதவரை சந்தேகம் எல்லோர் மீதும் படிந்திருக்கும். விசாரணைதான், குற்றம் செய்யாதவனைச் செய்தவனிடமிருந்து பிரித்துக் காட்டும்.

எல்லாவற்றையும் எடைபோட்டால் தீர்ப்பு ஒன்றுதான். போரில் நடந்த பாலியல் கொடுமையைச் சட்டத்தின் முன் நிறுத்துவது கடமை. அமைதியின் பெயரால் அதைத் தள்ளிப்போடலாம், தள்ளுபடி செய்யக்கூடாது. விசாரணை குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் நேர்மையாக இருக்க வேண்டும். பேசுவதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்ய வேண்டும். கேள்வி சிப்பாயோடு நிற்காமல் மேலே ஏற வேண்டும். இந்தியா ரோம் சாசனத்தில் சேர வேண்டும். தன் படை கடல் கடந்து செய்ததைத் தானே ஆராய வேண்டும்.

இவை அரசின் வேலைகள். ஊரின் வேலை அதைவிடச் சிறியது, இன்றே தொடங்கக்கூடியது. ‘கற்பழிப்பு’, ‘மானபங்கம்’ என்ற சொற்களை இரண்டு மொழிகளிலும் கைவிடலாம். எல்லைக்கு அப்பாலுள்ள முகாமில் ஒரு பெண்ணோ ஆணோ முப்பது ஆண்டுகள் மனத்தில் பூட்டிவைத்ததைச் சொல்ல வாய் திறக்கும் நாள் வரலாம். அன்று அவரிடம், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். செய்தது யார், தடுக்காமல் நின்றது யார் என்று கேளுங்கள். தோள்சீலையைக் கிழித்தவர்களுக்குத்தான் மானம் போனது. உடுத்திய பெண்களுக்கு அல்ல. இதை நெய்யாற்றின்கரைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.